இரண்டு குட்டைச் சத்தம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. காது மடல் சூடாகும். கை எதையாவது துடைக்கத் தேடும். என் மனைவி அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "இன்னாங்க, காலையிலேர்ந்து அந்த ஸ்குரூ டிரைவரையே துடைச்சிக்கினு இருக்கீங்க, யாரு மேல?" என்பாள். நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு கோபத்தை மட்டும் எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, அது எனக்கு வசதி.

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் பஜாரில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் டிவி, மிக்ஸி ரிப்பேர். பின்பக்கம் ஓர் அறை. அங்கே கிராமத்துக் குடிநீர்த் தொட்டிகளுக்கு மோட்டார் பெட்டி செய்கிறோம். டிபன் கேரியர் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே சின்னதாக ஒரு போர்டு, ஒரு சிம் கார்டு. தொட்டி காலியானால் மோட்டாரை ஓட்டும், நிரம்பினால் நிறுத்தும். ஊர்ப் பஞ்சாயத்தில் பொறுப்பில் இருப்பவரின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும். அவர் ஃபோனிலிருந்தே மோட்டாரை லாக் செய்யவும் முடியும். கோடையில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டால் வெறுமனே ஓடி மோட்டார் கருகாமல் இருப்பதற்காக அந்த வசதி.

போர்டுக்குள் ஓடுவது கர்னல் என்கிற ஒரு புரோகிராம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பது. எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று பார்க்கும் மேஸ்திரி அது. ஆனால் கரண்ட் வந்தவுடனே மேஸ்திரி வந்துவிடுவதில்லை. ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் ஒருவன் போய் கேட்டைத் திறந்து, விளக்குப் போட்டு, உள்ளே பாம்பு கீம்பு இருக்கிறதா என்று பார்த்து வைப்பதில்லையா, அந்த மாதிரி ஒரு வேலை பாக்கி இருக்கும். மெமரி எங்கே இருக்கிறது, கடிகாரம் எவ்வளவு வேகம் என்று பார்த்து, எல்லாவற்றையும் எழுப்பிவிட்டுக் கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிடுவது. அதைச் செய்யும் வரிகளுக்கு பூட் கோட் என்று பெயர்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பூட் கோடை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. முதலில் எழுதிக் கொடுத்த இன்ஜினியர் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல மனிதர். போகும்போது என்னை உட்கார வைத்து, எந்த வரி என்ன செய்யும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் ஃபோன் செய்தால் எடுப்பார். அந்த மொழியில் மொத்தமே கொஞ்சம் சொற்கள்தான். எடு, வை, கூட்டு, ஒப்பிடு, தாவு. ஆங்கிலச் செய்தித்தாளை என்னால் படிக்க முடியாது, ஆனால் இதைப் படிக்க முடிந்தது. புரியாத வரி வந்தால் ஒரே வழி. அந்த வரியை எடுத்துவிட்டு போர்டுக்குக் கரண்ட் கொடுப்பேன். செத்தால் அந்த வரி வேண்டும். சாகாவிட்டால் ஏன் சாகவில்லை என்று யோசிப்பேன். அப்படியே வருடங்கள் போய்விட்டன.

சத்தம் வைத்தது நான்தான்.

முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே தொட்டி மோட்டாரைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளை அந்த வேலையை வைத்துத்தான் வளர்க்கிறாள். எங்கள் பெட்டி போய்ச் சேர்ந்த புதிதில் வோல்டேஜ் இறங்கி ஏறினால் பாதியிலேயே நின்றுவிடும். அவள் கடைக்கு ஃபோன் செய்வாள்.

"அண்ணே, உம் பொட்டி எழுந்துக்க மாட்டுது."

"எந்த விளக்கு எரியுதும்மா?"

"வெயில்ல இன்னா தெரியுது? எல்லாம் எரியற மாதிரியும் கீது, எதுவும் எரியாத மாதிரியும் கீது."

"கிட்ட போயி பாரும்மா."

"இதுக்கு மேல கிட்ட போனா பொட்டிக்கு முத்தம்தான் குடுக்கணும்."

 ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் முகத்தைப் பார்த்துக் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகுதான் யோசித்து, பூட் கோடில் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு சத்தம் வருகிற மாதிரி வைத்தேன். பெட்டிக்குள் ஒரு சின்ன பஸ்ஸர். மெமரி எழுந்தால் ஒரு கீ. கடிகாரம் சரியானால் இன்னொரு கீ. கர்னல் எழுந்து மோட்டார் தயார் என்றால் நீளமாக ஒரு கீ. எல்லாம் சரியாக இருந்து, ஆனால் ஃபோனிலிருந்து லாக் போட்டிருந்தால், நீளச் சத்தத்துக்குப் பதில் அடுத்தடுத்து இரண்டு குட்டைச் சத்தம். அதற்குப் பிறகு அவள் ஃபோனைப் பெட்டி மேல் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுவாள். நான் இங்கே கேட்டுவிட்டு, இது நின்றுவிட்டது, அந்த ஒயரைப் பார் என்பேன். பாதி நாள் நான் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"இன்னிக்கு உங்க கோழி நல்லா கூவுதுண்ணே" என்பாள் சில நாள். அவ்வளவு போதும் எனக்கு.

போன வருடம் கோடை தொடங்கும் முன்னால் முதலாளி என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர். அப்பா இங்கே சுரங்கத்தில் பெர்மனன்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் திருநெல்வேலிப் பக்கம். மரியாதையாகத்தான் பேசுவார்.

"அண்ணே, நம்ம பெட்டி இன்னும் நிறைய ஊருக்குப் போகப் போகுது. கோட் எல்லாம் ஒரே குப்பையா கெடக்குன்னு நீங்களே சொல்லுவீங்கல்ல. உக்காந்து மொத்தமா சுத்தம் பண்ணிருங்க. வேற வேலை எதுவும் வேணாம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போதும் அதிகக் கோபம் வருகிறது.

குப்பை என்றால் நிஜமாகவே குப்பை. வெளியே கம்ப்யூட்டரோடு பேசும் ஒயரை எழுப்புகிற ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதியிருந்தது. இப்போது யாரும் செய்யாத பழைய போர்டுக்கான வரிகள் அப்படியே இருந்தன. ஓர் இடத்தில் 'தற்காலிகம்' என்று ஆங்கிலத்தில் குறிப்பு. அந்த வரிதான் இத்தனை வருடமும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தற்காலிகம் என்ற சொல்லின் ஆயுள் எனக்குத் தெரியும். என் அப்பா கான்ட்ராக்ட்டில் சேர்ந்து கான்ட்ராக்ட்டிலேயே முதுகு வளைந்து வீட்டுக்கு வந்தவர். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு வரியை மட்டும் வைத்தேன். மூன்றாக இருந்ததை ஒன்றாக்கினேன். பழைய போர்டின் வரிகளை எடுத்தேன். பெட்டியில் செட்டிங்கை அழிப்பதற்கென்று ஒரு சின்ன பட்டன் உண்டு. அதை யாரும் தொட்டதே கிடையாது. கரண்ட் வரும்போது அது அழுத்தியிருக்கிறதா என்று பார்க்கிற வரிகள் மட்டும் உள்ளே சும்மா இருந்தன. அவற்றை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்யாமல் ஓரமாக ஒதுக்கி வைத்தேன். நாலைந்து நாளில் மீதியெல்லாம் முடிந்தபோது, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்பதுபோல வரிகள் நின்றன. மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படிக்க முடிந்தது.

முதலாளியிடம் சொன்னேன்.

"அந்தச் சத்தம் எடுத்தாச்சா?"

"எந்த சத்தங்க?"

"கீ கீன்னு கத்துமே. அதுவும் குப்பைதானண்ணே. ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்னு நின்னு வருது. எடுத்தா சீக்கிரம் எழுந்துக்கும்ல."

அது உண்மைதான். சத்தம் வருகிற நேரமெல்லாம் போர்டு சும்மா நிற்கும். நான் தலையைச் சொறிந்தேன். "ஃபோன்ல கண்டுபிடிக்க வசதியா இருக்குமேங்க" என்று கேட்டேன். கேட்டது எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

"கஸ்டமர் தொந்தரவுங்கறாங்கண்ணே. எடுத்துட்டு, மொதல்ல அந்த முத்தாண்டிக்குப்பம் ரூட்ல இருக்கே, அந்த ஊருக்குப் போயி புதுசு போட்டுட்டு வாங்க. ரிப்பேர்னு வேற சொல்லிட்டு இருக்காங்க."

எடுத்தேன். போர்டு சாகவில்லை. என் கணக்குப்படி, எடுத்தும் சாகாத வரி வேண்டாத வரி.

மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போனேன். பையில் புதிய கோட் ஏற்றிய போர்டு. தொட்டி ஊரின் கிழக்குக் கோடியில், பலா மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மோட்டார் ரூமுக்கு வெளியே குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.  பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

பச்சைக் குடம் வைத்திருந்த ஒரு பெரியம்மாள் விடவில்லை. "வந்துட்டாருடி ரிப்பேரு மாப்ள. இன்னா மாப்ள, ஒரு வாரமா உம் பொட்டிக்கு இன்னா சீக்கு? டாக்டரு இப்பத்தான் எறங்கறாரு."

"ஒரு வாரமா?" என்றேன்.

"தெரியாத மாதிரி கேக்கறாரு பாரு. காலையில வுடற தண்ணி ஒரு வாரமா வர்ல. கேட்டா பொட்டி ரிப்பேருங்கறாங்க. சாய்ங்காலம் ஆனா தானா ரிப்பேரு நல்லா ஆயிடுது. அது இன்னா சீக்கு, வெயில் தாழ்ந்தா எறங்கற சீக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆபரேட்டர் பெண் வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. எப்போதும் ஏதாவது சொல்கிறவள், என்னைப் பார்த்து "வாண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே போய்ப் பழைய பெட்டியைத் திறந்தேன். எதுவும் கருகவில்லை, எந்த ஒயரும் விடவில்லை. எழுப்பிப் பார்க்கலாம் என்று ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். ஒரு கீ. இன்னொரு கீ. பிறகு இரண்டு குட்டைச் சத்தம்.

வெளியே இருந்தவர்கள் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள்.

"கேட்டீங்களாடி" என்றாள் பச்சைக் குடத்துப் பெரியம்மாள். "ரெண்டு குட்ட. பொட்டி நல்லாத்தான் கீது. ஃபோன்ல அமுக்கி வச்சிக்கினு கீறாங்க."

 இந்தச் சத்தத்தின் அர்த்தத்தை நான் ஆபரேட்டரைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அவளும் சொல்லியிருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. இவர்கள் வருடக்கணக்காகக் குடத்தோடு வெளியே நின்று, நீளச் சத்தம் வந்தால் தண்ணீர் வருகிறது, இரண்டு குட்டைச் சத்தம் வந்தால் வருவதில்லை, ஆனால் பொறுப்பில் இருப்பவர் வீட்டுக்குப் போய்க் கேட்டால் சிறிது நேரத்தில் வருகிறது என்று தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

"காலையில ஏன் லாக் போடறாங்க? போர்ல தண்ணி எறங்கிட்டுதா?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டினாள். பலாத் தோப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு ஷெட். வாசலில் ஒரு வேன். நீல நிறக் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது பொறுப்பில் இருப்பவரின் மச்சான் நடத்தும் கேன் தண்ணீர் கம்பெனி என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர்களுக்குத் தனி போர். ஊர் மோட்டாரும் அவர்கள் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் அவர்கள் போரில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் அவர்கள் கேன் நிரப்பி முடிக்கிற வரைக்கும் ஊர் மோட்டாருக்கு லாக். ஊருக்குச் சொல்லும் காரணம், பெட்டி ரிப்பேர்.

என் பெட்டி ரிப்பேர்.

கையில் இருந்த புதிய போர்டைப் பார்த்தேன். எதற்காக என்னைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றை ஒன்றாக்கியதும், பழைய போர்டை எடுத்ததும், வரிசையாக நிறுத்தியதும் யாருக்கும் தேவையில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு குட்டைச் சத்தம் போவது. அதை எடு என்று நேராகச் சொல்லாமல் சுத்தம் என்ற பெயரைக் கொடுத்து, என் கையாலேயே, நான் சந்தோஷமாகச் செய்கிற மாதிரி செய்துவிட்டார்கள். காது மடல் கொதித்தது. சட்டை நுனியால் போர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இத நான் போட மாட்டேன்" என்றேன். "பழசே இருக்கட்டும். சத்தம் இருக்கட்டும்."

அவள் கதவைச் சாத்தினாள்.

"போட்டுட்டு போண்ணே."

"இன்னாம்மா சொல்ற?"

"போன வாரம் இந்த சத்தத்த கேட்டுட்டு பத்து பேரு அவுரு வூட்டு முன்னாடி போயி நின்னுட்டாங்க. அவுரு என்ன கூப்ட்டு வுட்டாரு. நீதான சொல்லிக் குடுத்த, உன்னத் தவிர யாருக்கு தெரியும்னு கேக்கறாரு. இன்னொரு வாட்டி இங்க வந்து எவளாவது நின்னா, தொட்டி சாவிய குடுத்துட்டு போயிடுங்கறாரு. என் எடத்துல வர்றதுக்கு அவங்க சொந்தத்துலயே ஆளு ரெடியா கீது. நான் இன்னா பண்றது?"

"அநியாயம்மா இது."

"அநியாயந்தான். யாரு இல்லன்னது?" என்றாள். "உனக்கு கோவம் வருதுண்ணே, நல்லா தெரியுது. கோவத்தோட பஸ் ஏறி வூட்டுக்கு போயிடுவ. நான் நாளைக்கும் இங்கதான் நிக்கணும்."

அவள்மேலும் கோபம் வந்தது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெளியே நிற்கிறவர்களைப் பார்த்து, ஆமாம், லாக் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று தோன்றியது. அந்த ஒரு வார்த்தையை நான் கதவைத் திறந்து சொல்லியிருக்கலாம்தான். நானும் சொல்லவில்லை.

"சத்தம் போனா மட்டும் உன்ன வுட்டுடுவாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க வுடுவாங்க? சத்தம் இல்லன்னா இவளுங்க நான்தான் தண்ணிய மறைக்கறேன்னு என்ன புடிச்சிக்குவாளுங்க. இப்பவே பாதி பேரு அப்டித்தான் பேசறாளுங்க. சத்தம் கீற வரைக்கும் பொட்டி என் பக்கம் பேசுது. அது பேசறதால அவுரு என்ன திட்றாரு. ரெண்டு பக்கமும் அடி எனக்குத்தான்." பெட்டியை விரலால் தட்டினாள். "நான் சொல்றப்ப மட்டும் பேசற மாதிரி பண்ண முடியாதாண்ணே உன்னால?"

 புதிய போர்டைப் பையில் வைத்தேன். பழையதை மூடினேன். வெளியே வந்தபோது பெரியம்மாள் "இன்னா மாப்ள, சீக்கு இன்னான்னு கண்டுபுடிச்சியா?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

கடைக்குள் நுழைந்தேன். மேசையின் ஓரத்தில், இத்தனை நாள் நான் கவனிக்காத இடத்தில், தண்ணீர்க் கேன் இருந்தது. நீலக் கேன். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் அந்தக் கிராமத்தின் பெயர். வெயிலில் நடந்து வந்திருந்தேன், தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

"போட்டாச்சாண்ணே?" என்றார் முதலாளி.

"இல்லைங்க. ஒரு சின்ன வேல பாக்கி இருக்குது. முடிச்சிட்டு போடறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் அவரைக் கேட்கவில்லை. வியாபாரம் செய்கிறவருக்கு யாரோ ஃபோன் செய்து சத்தத்தை எடு என்றால் எடு என்பார். ஏன் என்று கேட்காமல் இருப்பது அவருக்கு லாபம். கேட்காமல் இருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும் போலிருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. பெருங்குரலெடுத்துத் திட்ட வேண்டும் போலிருந்தது. வழக்கம்போல சால்டரிங் அயர்னைத் துடைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் சொம்பில் தண்ணீர் கொடுத்த மனைவி, "பஜார்ல தண்ணியே இல்லையா, இப்படி குடிக்கறீங்க?" என்றாள். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவள். மேலே இருப்பவர்களிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு கேட்டதுல இன்னா தப்பு? நீங்க உங்க கோவத்துக்கு நியாயம் பண்ணப் பாக்கறீங்க. வேல போனா அவ புள்ளைங்க உங்க கோவத்தையா சாப்பிடும்?" என்றாள்.

அதற்கும் கோபம் வந்தது. ஆனால் யோசிக்க வைத்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த அந்த வரிகளை எடுத்தேன். பட்டன் அழுத்தியிருக்கிறதா என்று பார்க்கிற வரிகள். செட்டிங்கை அழிக்கிற பகுதியை அதிலிருந்து கழற்றினேன். கரண்ட் வரும்போது பட்டன் அழுத்தியிருந்தால் சத்தங்கள் வரும். அழுத்தாவிட்டால் பெட்டி ஊமையாக எழுந்துகொள்ளும். அவ்வளவுதான். முன்பு ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக இருந்த சத்தத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, எல்லாக் கட்டமும் அதைக் கூப்பிடுகிற மாதிரி வைத்தேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான்.  

திரும்பவும் பஸ் ஏறிப் போய் மாட்டினேன். வெளியே யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். பட்டனை அழுத்திக்கொண்டு ஸ்விட்சைப் போடச் சொன்னேன். சத்தம் வந்தது. விட்டுவிட்டுப் போடச் சொன்னேன். வரவில்லை. அவள் இரண்டு தடவை செய்து பார்த்தாள். அந்தப் பட்டன் பெட்டிக்கு அடியில், கை உள்ளே விட்டால்தான் படுகிற இடத்தில் இருந்தது.

"யாராச்சும் கேட்டா?"

"என்னக் கேக்க சொல்லு" என்றேன்.

"நீயா?" என்றாள். "கேட்டா நீ செவுத்த பாப்ப." பிறகு, என்னைப் புண்படுத்திவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, "சும்மா சொன்னேண்ணே" என்றாள்.

நான் கடையில், பெட்டி ஊமையாகிவிட்டது என்று சொன்னேன். முதலாளி சரி என்றார். கோடை ஏறியது. நான் அந்த நீலக் கேனைத் தொடாமல், வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அந்தக் கேனைப் பார்க்கும்போது அங்கே குடங்கள் காய்ந்து நிற்கும் என்று தெரியும். அவள் ஃபோன் செய்யவில்லை. அமுக்க மாட்டாள், பயந்துவிட்டாள், நான் செய்தது வீண் என்று நினைத்தேன். அவளுக்கு பயப்பட உரிமை உண்டு என்பதை என் கோபம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

ஒரு நாள் காலை கடை திறந்ததும் ஃபோன் அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. ஒரு கீ. இன்னொரு கீ. பிறகு இரண்டு குட்டைச் சத்தம். அதற்குப் பின்னால் குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தமும், பெரியம்மாளின் குரலும். "தூக்குங்கடி, அவரு வூட்டுக்கே போவலாம்." ஃபோன் வைக்கப்பட்டது.

மத்தியானம் முதலாளி என் மேசைக்கு வந்தார். அவர் ஃபோனில் யாரோ காத்துக்கொண்டிருந்தார். கையால் அதை மூடிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அந்த ஊருப் பெட்டி திரும்பக் கத்துதாமே. தெருவே போயி அவரு வீட்டு முன்னாடி உக்காந்திருக்கு. வேற வழியில்லாம தொறந்து விட்டாராம். அந்தப் பொம்பளதான் ஏதோ பண்ணியிருக்கான்னு சொல்லுதாரு. அவளக் கேட்டா, நான் ஒண்ணும் பண்ணல, மிஷினு தானா கத்துச்சுங்கா. தானா கத்துமா?"

சுவரைப் பார்த்தேன். அவள் சொன்னது ஞாபகம் வந்தது. பார்வையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

தானாகக் கத்தாது. அந்தப் பட்டன் ஒயரில் வேண்டாத கரண்ட் நுழைந்து அமுங்கின மாதிரி காட்டாமல் இருக்க நானே ரெசிஸ்டர் வைத்துப் பற்ற வைத்திருக்கிறேன். யாராவது கையை உள்ளே விட்டு அழுத்தினால் ஒழியக் கத்தாது.

"கத்தும்ங்க" என்றேன். "ஈரம் எறங்கினா, வோல்டேஜ் ஏறி எறங்கினா, பட்டன் அமுங்கின மாதிரி காட்டும். அந்தம்மாவுக்கும் அதுக்கும் சம்மந்தம் இல்ல. அவங்களுக்கு அந்த பட்டன் எங்க இருக்குதுன்னே தெரியாது."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை.  நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. கையை எடுத்துவிட்டு ஃபோனில், "மெஷின் ஃபால்ட்தாங்க. ஆபரேட்டர் மேல தப்பில்ல. சரி பண்ணிருவோம்" என்றார். பிறகு என்னிடம், "சீக்கிரம் பாத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, நீலக் கேனைச் சாய்த்து டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

"பாக்கறேங்க" என்றேன்.

சாவி இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. அவள் எல்லா நாளும் அழுத்துவதில்லை. எந்த நாள் அழுத்த வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். மற்ற நாட்களில் குடங்கள் காய்கின்றன, வேன் கேன் ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வருகிறது. அதை நினைத்தால் எனக்குக் காது மடல் சூடாகிறது. அந்தப் பெட்டியின் பழுது என்னவானது என்று முதலாளி அவ்வப்போது கேட்பார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பேன்.